‘நல்லா இருக்கேன்’ என்னும் அளவுகோல்

தினமும் காலையில் அம்மாவிடம் பொய் சொல்வதற்கென்றே இசக்கிராஜன் ஒரு தனி அறை வைத்திருந்தான். அறை அவனுடையது அல்ல, ஆபீஸுடையது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேசைமேல் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஒரு கறுப்புக் கருவி. நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அவன் பேசுவான். பேசப் பேச, போன் அதைத் தமிழில் எழுதி, வின்னிபெக்கிலிருந்து கோவில்பட்டிக்கு அனுப்பிவிடும்.

“அம்மா, நான் நல்லா இருக்கேன். சாப்ட்டேன். குளிரெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல. நேத்து மீட்டிங்ல என் அபிப்பிராயத்தத்தான் மொதல்ல கேட்டாங்க.”

இதில் சாப்பாடு என்பது பெட்டியின் அடியில் தூளாகக் கிடந்த கார்ன்ஃபிளேக்ஸ். பெரிதாக இல்லாத குளிர், மைனஸ் முப்பத்தொன்று. மீட்டிங்கில் கேட்ட அபிப்பிராயம், கதவைச் சாத்தலாமா வேண்டாமா என்பது. சாத்தலாம் என்றான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

குரலை அப்படியே அனுப்பினால் நடுக்கம் தெரிந்துவிடும். விரலால் தட்டினால் ஒவ்வொரு வரியையும் அழித்து அழித்து எழுதுவான். பேசி எழுதவைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. என்ன பதற்றத்தில் சொன்னாலும் எழுத்து மட்டும் குளித்துத் தலைசீவி வந்து நிற்கும். அங்கே வீட்டில் அப்பா அதை எல்லோருக்கும் சத்தம் போட்டு வாசிப்பார். மில்லில் சூப்பர்வைசராக இருந்த குரல். அந்தக் குரலில் கேட்டுக் கேட்டு, இசக்கிராஜன்தான் கனடாவில் ஹாக்கி டீமுக்கு ஆள் எடுக்கிற அதிகாரி என்று தெருவே முடிவுகட்டிவிட்டது. ஒருவர் தன் மகளின் ஜாதகத்தோடு சேர்த்து மகனின் ஹாக்கி சர்டிபிகேட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அதிகாரியின் உத்தியோகம் இதுதான். ‘ஸ்னோ கிரேன்ஸ்’ என்ற பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில், புதிதாக எடுக்கப்போகிற இளம் ஆட்டக்காரர்களைப் படம் பிடிக்க டிரைபாட் தூக்குவது, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது, படத்தை வெட்டி ஒட்டிக் கொடுப்பது. ஆபீஸில் இசக்கி என்ற பெயர் யார் வாயிலும் நுழையாமல் ஐசக் ஆகியிருந்தான்.

வேலைக்கு எடுத்தபோது, பழைய ஹாக்கி அனுபவம்தான் தனக்குக் கைகொடுத்தது என்று நம்பினான். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்காத பையனைப் பார்ப்பது கஷ்டம், இவனும் பிடித்தான். ஓடினால் மூச்சு வாங்குகிறது என்று கோல்கீப்பராக நிறுத்தினார்கள். எதிரணிக்காரன் மட்டையை ஓங்கினால் போதும், இவன் தரையில் கிடப்பான். பந்து அவசரமே இல்லாமல் இவனைத் தாண்டி உள்ளே போகும். “ஏலே, அவன் அடிக்கட்டும்ல. அதுக்கப்புறம் விழு,” என்று கோச் ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்வதை நிறுத்திவிட்டார். தண்ணீர் பாட்டில் தூக்கும் பொறுப்பு அன்றிலிருந்து வந்தது.

அந்தக் கறுப்புச் சட்டிக்கு ‘லெவல்’ என்று பெயர். வீட்டுக்கு எழுதும்போது ரசமட்டம் என்று மொழிபெயர்த்திருந்தான். அது என்ன செய்யும் என்பதை முதல் வாரத்திலேயே நிரூபன் சொல்லிக்கொடுத்திருந்தார். யாழ்ப்பாணத்து அப்பா அம்மாவுக்கு ஸ்கார்பரோவில் பிறந்தவர், அந்தக் கருவிக்கு முழுப் பொறுப்பு அவர்தான்.

“இஞ்ச பாரும் தம்பி. பதினெட்டு வயசுப் பிள்ளை வந்து இருந்து, எனக்குப் பயமே இல்லையெண்டு சொல்லும். எல்லாப் பிள்ளையளும் அதைத்தான் சொல்லும். பயப்படுறதில பிழையில்ல. அதை மூடி வைக்கிறதுதான் ஆபத்து. மூடி வைச்ச ஆள் ஒருநாள் பெரிய ஆட்டத்தில டப்பெண்டு உடையும். இது குரலைக் கேட்டு, மூடி எவ்வளவு இறுக்கமெண்டு சொல்லும்.”

நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் வரும். அறுபதைத் தாண்டினால் ஆள் வேண்டாம். ஆட்டக்காரர்களின் உடம்பில் கருவி எதையும் கட்ட அவர்களுடைய சங்கம் விடாது, அதனால் குரல் மட்டும்தான். வேலை பார்க்கிறவர்களுக்குச் சங்கம் கிடையாது. அவர்கள் கையில் நாடித்துடிப்பு பார்க்கும் பட்டை. அதைக் காட்டினால்தான் கதவே திறக்கும்.

எண்ணில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அணிகள் எல்லாம் அதைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டன. ஒரு இடத்தில் ஒட்டிய எண் அடுத்த இடத்துக்கும் கூடவே வரும். போன வருஷம் எழுபத்துநாலு வாங்கிய ஒரு பெண்ணை அதன்பிறகு யாரும் தொடவில்லை. இப்போது அவள் ஒரு ஷாப்பிங் மாலில், குழந்தைகள் சறுக்கி விளையாடும் ஐஸ் தரையைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிறாள். இசக்கிராஜன் அங்கே அரிசி வாங்கப் போனபோது பார்த்து, தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவளுடைய வீடியோவை வெட்டி ஒட்டியது அவன்தான்.

இந்த வருஷம் அணிக்கு ஒரு கோல்கீப்பர் தேவைப்பட்டது. ஒரே ஓர் இடம். வடக்கே சுரங்க ஊர் ஒன்றிலிருந்து மாரிசெல் என்ற பதினெட்டு வயதுப் பெண் வந்தாள். பிலிப்பைன்ஸிலிருந்து குடியேறிய குடும்பம். அம்மா சுரங்கத் தொழிலாளர் கேண்டீனில் சமையல். இவள் ஹாக்கிக்காக இரண்டு வருஷமாக நகரத்தில் வேறொரு குடும்பத்தோடு தங்கியிருந்தாள். அங்கே இளம் ஆட்டக்காரர்களை ஊரார் வீட்டில் தங்கவைத்து வளர்ப்பது வழக்கம்.

அவளுடைய ஆட்டங்களை இசக்கிராஜன்தான் படம் பிடித்தான். முதல் ஆட்டத்திலேயே அவனுக்கு ஒன்று உறைத்தது. இவள் விழுவதில்லை. எதிரே வருகிறவள் மட்டையை ஓங்குகிறாள், தோளைக் குலுக்குகிறாள், அடிப்பதுபோல ஏமாற்றுகிறாள். மாரிசெல் அப்படியே நிற்கிறாள். அடித்த பிறகுதான் அசைகிறாள். அவன் டிரைபாடுக்குப் பின்னால் நின்று, தன்னையறியாமல் ஒவ்வொரு தடவையும் முழங்காலை மடக்கினான். அவள் நிற்க, இவன் விழுந்துகொண்டிருந்தான்.

லெவல் அறையில் அவளிடம் பேட்டி எடுத்தார்கள். அதோடு, அவளே சம்மதித்துக் கொடுத்த ஒரு வாரத்துப் போன் பேச்சையும் கருவிக்குக் கேட்கக் கொடுத்தார்கள். பேட்டி முடிந்து அவள் நடைபாதையில் வண்டிக்காகக் காத்திருந்தபோது, அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்த மொழி அவனுக்குப் புரியவில்லை. ஆனால் ராகம் தெரிந்த ராகமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு அவள் சிரித்தாள். “நான் தங்கியிருக்கிற வீட்டுல தினமும் சோறு போடறாங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

“போடறதில்லயா?”

“மாக்கரோனிதான். நல்லவங்க, பாவம், அவங்களுக்கு அதான் தெரியும். பொய்யெல்லாம் இல்ல. மெனுவ மட்டும் மாத்திச் சொல்றேன்.” கொஞ்சம் தயங்கி, “உள்ள நான் சொதப்பிட்டேனா?” என்று கேட்டாள்.

நன்றாகச் செய்தாய் என்றான். அதுவும் அவன் வழக்கமாகச் சொல்கிற தொனியிலேயே வந்தது.

அன்று பிற்பகல் எண் வந்தது. தொண்ணூற்றொன்று.

தேர்வுப் பிரிவின் தலைவி மார்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஒரு காலத்தில் ஆட்டத்தில் முன்பல் இரண்டைப் பறிகொடுத்தவள். அந்த இடைவெளியை அடைக்காமல் பதக்கம் மாதிரி வைத்திருந்தாள். லெவல் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததில்லை என்றாள். கெட்டவள் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டாள். மறுநாள் காலை மீட்டிங்கில் முடிவை எழுதி மற்ற அணிகளுக்கும் அனுப்பிவிடலாம் என்றாள். பிறகு, “ஐசக், நீதான் எல்லா ஆட்டத்தையும் படம் எடுத்தே. ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டாள்.

சொல்லணும். அவள் விழுவதில்லை என்று சொல்லணும். ஆனால் வேலை அனுமதியைப் புதுப்பிக்க மார்லீன்தான் சிபாரிசு செய்ய வேண்டும். அதோடு, கோவில்பட்டியில் தண்ணீர் பாட்டில் தூக்கியவன் கருவிக்கு எதிராக என்ன பேசுவது. இங்கிலீஷில் மூன்று வாக்கியம் தயார் செய்தான். மூன்றும் தொண்டை வரை வந்து, வரிசையில் நின்று, திரும்பிப் போயின.

“இல்ல. எல்லாம் சரி,” என்றான்.

கேண்டீனில் நிரூபனைப் பிடித்தான். தொண்ணூற்றொன்று எப்படி வந்தது, அவள் அப்படி ஒன்றும் பயந்தவளாகத் தெரியவில்லையே என்று சுற்றிவளைத்துக் கேட்டான். நிரூபன் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே லேப்டாப்பைத் திருப்பினார்.

“பேட்டியில அவ்வளவு இல்ல. தாயோட கதைச்சதிலதான் ஏறினது. மூலக் குரலோட அப்படியே பொருந்துது. அச்சொட்டு.”

மூலக் குரல் என்றால் என்ன என்று கேட்டான். நிரூபன் மெல்வதை நிறுத்தினார்.

“உமக்குத் தெரியாதோ? மார்லீன் சொல்லேல்லையா?” என்றார். இவன் முழிப்பதைப் பார்த்து ஹெட்போனை நீட்டினார். “நாலு வருசமா நடிகர்மாரைக் கூப்பிட்டுப் பொய் சொல்ல வைச்சுப் பாத்தம். சரிவரேல்ல. அவைக்கு நெஞ்சு அடிக்கேல்ல. பிறகு ஒருநாள் பாத்தா, ஒவ்வொரு காலமையும் ஆரோ அறைக்குள்ள வந்து இருந்து கதைக்கினம். நாடி நூற்றிமுப்பது. குரல் தண்ணி மாதிரி. அப்பிடி ஒரு சுத்தமான சாம்பிளை நான் கண்டதில்ல தம்பி. உலகத் தரம்.”

ஹெட்போனில் அவன் குரலே வந்தது. அம்மா, நான் நல்லா இருக்கேன். அதற்குப் பின் ஒரு சின்ன மூச்சு. சாப்ட்டேன். வார்த்தையின் கடைசியில் ஒரு மெல்லிய இறக்கம், மடித்துவைத்த துணியைக் கையால் ஒருமுறை தடவிவிடுவது மாதிரி. ஒண்ணும் பிரச்சனை இல்ல.

வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, தமிழில் பேசினால் சக ஊழியர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு, ஊரிலேயே அமைதியான இடத்தைத் தேடிப் பிடித்து அவன் பொய் சொல்லப் போன இடம், பொய்யைப் பிடிக்கிற கருவியின் வாய். இவனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது.

மெதுவாக இன்னொன்றும் விளங்கியது. முதல் மாதத்தோடு தன்னை அனுப்பிவிடுவதாக இருந்ததா என்று கேட்டான். நிரூபன் மழுப்பிப் பார்த்தார். அவருக்கு மழுப்ப வராது. ஓம் என்றார். டிரைபாட் தூக்க ஆளா இல்லை. சாம்பிளை யார் விடுவார்கள். ஆக, இளம் ஆட்டக்காரர்களை மதிப்பிடுகிறவன் என்று கோவில்பட்டி நம்பிக்கொண்டிருந்தவன், எடைபோடுகிறவன் அல்ல, எடைக்கல். இசக்கிராஜனுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றில் உலகத் தரம் என்கிறார்களே என்று ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிறகு கூச்சமாக இருந்தது.

“அண்ணே, அந்தப் பொண்ணு பந்துக்குப் பயப்படல. அவங்கம்மா கவலப்படக் கூடாதுன்னு சொல்லுது. ரெண்டும் வேற இல்லயா?”

“உமக்கும் எனக்கும் வேற. அதுக்கு எப்பிடி விளங்கும்? அது உம்மட்டப் படிச்சது.”

“அப்ப என் குரல எடுத்துருங்க.”

மார்லீனைக் கேட்காமல் ஏலாது, கேட்டாலும் முடிவுக்கு முதல்நாள் விடமாட்டாள் என்றார் நிரூபன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அளவு முழுக்க உம்மிலதான் நிக்குது. புதுசா வாறதுக்குத்தான் அது கூட மதிப்புக் குடுக்கும். நாளைக்கு நீர் அதே குரலில நல்லா இருக்கன் எண்டு சொல்லேக்க நெஞ்சு அடிக்காட்டி, இவ்வளவு நாளும் படிச்சது பிழையெண்டு அதுவே விளங்கிக்கொள்ளும். ஆனா உம்மால ஏலுமோ? பகிடிக்குக் கேக்கேல்ல.”

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் அறைக்குள் போய் உட்கார்ந்தான். மூச்சை இழுத்து விட்டான். கண்ணை மூடி, பத்ரகாளியம்மன் கோயில் தெப்பத்தை நினைத்துக்கொண்டான். “அம்மா, நான் நல்லா இருக்கேன்.” கைப்பட்டை நூற்றிருபத்தெட்டு காட்டியது. இன்னொருமுறை. நூற்றிமுப்பத்தொன்று. தியானம் செய்யச் செய்ய ஏறியது.

உண்மையைச் சொல்லிவிட்டால் நெஞ்சு அடங்கும் என்று தோன்றியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்து உண்மைகளைச் சொல்லிப் பார்த்தான். கார்ன்ஃபிளேக்ஸ், கதவு, டிரைபாட். ஒன்றும் ஆகவில்லை. அனுப்பாத உண்மை நெஞ்சுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வலிக்கவும் வேண்டும்.

மாரிசெல்லை இவன் எத்தனைமுறை பார்த்திருப்பான், நடைபாதையில் பேசியது எத்தனை வார்த்தை. அவளுக்காக அம்மாவின் நிம்மதியைக் கெடுப்பதா என்று ஒரு பக்கம் கேட்டது. ஐஸ் தரையில் வண்டி ஓட்டும் பெண்ணின் முதுகு இன்னொரு பக்கம் நினைவுக்கு வந்தது. நேற்று கேட்டபோதே வாய் திறந்திருந்தால் இந்த வம்பே இல்லை. மார்லீனிடம் உண்மை பேசப் பயந்துதான், அதைவிடப் பெரிய ஆளிடம் பேசவேண்டியதாகிவிட்டது.

பேசி எழுதவைக்கிற பொத்தானை விட்டுவிட்டு, குரலை அப்படியே அனுப்புகிற பொத்தானை அழுத்தினான்.

“அம்மா, இது நீ மட்டும் கேளு. அப்பாவ சத்தமா வச்சுக் கேக்க வேண்டாம்னு சொல்லு. எனக்கு இங்க பயமா இருக்கும்மா. வந்த நாள்லருந்து பயமா இருக்கு. நான் அதிகாரியெல்லாம் இல்ல, கேமரா ஸ்டாண்ட் தூக்குறேன். போன மாசம் ரோட்டுல பனியில வழுக்கி விழுந்துட்டேன். எந்திரிக்கவும் முடியல, யாரக் கூப்பிடன்னும் தெரியல. ஒரு நாய் வந்து மோந்து பாத்துட்டுப் போச்சு.”

நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டோம் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. நாலு பேரோடு தங்கியிருக்கும் நிலவறையைச் சொன்னான். உள்ளிருந்து பார்த்தால் ஜன்னலில் தெருவில் போகிற ஆட்களின் கால் மட்டும் தெரிவதைச் சொன்னான். சாப்ட்டேன் என்றதெல்லாம் கார்ன்ஃபிளேக்ஸ் தூள்தான், மீட்டிங்கில் வாய் திறந்ததே இல்லை என்றான். ரசமட்டம் மனசை அளக்கிறது என்று எழுதினேனே, அது அளப்பதே என் பொய்யை வைத்துத்தான், தினமும் உனக்குச் சொன்ன பொய்தான், அதை வைத்து இன்றைக்கு ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கப் போகிறார்கள் என்றான். நடுவில் அழுதான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாப்பிள்ளை கேட்டு வந்தவரிடம் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னான்.

அனுப்பிவிட்டுப் பார்த்தான். பட்டையில் நூற்றிநாற்பது. மறுமுனையில் கேட்டுவிட்டாள் என்பதற்கான நீல அடையாளம் வந்தது. பதில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எண் இறங்கத் தொடங்கியது. மூட்டையை இறக்கிவைத்த கூலியாள் தோளைத் தடவிக்கொண்டு நிற்பதுபோல அவன் உட்கார்ந்திருந்தான்.

இன்னொருமுறை பொத்தானை அழுத்தினான். “மத்தபடி நான் நல்லா இருக்கேம்மா. சாப்ட்டேன். ஒண்ணும் பிரச்சனை இல்ல.”

அதே மூச்சு, அதே இறக்கம். பட்டையில் எழுபது. கறுப்புச் சட்டியின் விளிம்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, யோசித்து, அணைந்தது.

மீட்டிங்கில் மார்லீன் திரையை நிமிர்த்தியபோது மாரிசெல்லின் பெயருக்கு நேரே எண் இல்லை. வெறும் கோடு. மற்றவர்களுக்கும் கோடுதான். கருவி தன் அளவைத் தானே நம்பாமல் விலகிக்கொண்டது என்று நிரூபன் விளக்கினார். எதனால் என்று மார்லீன் கேட்டாள். நிரூபன் விளக்கிய விதத்தில் அறையில் இருந்த எல்லோரும் இசக்கிராஜனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ ஏதாவது செஞ்சியா, ஐசக்?”

“செஞ்சேன்,” என்றான். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டான். “எங்கம்மாகிட்ட உண்மையச் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மார்லீன் காத்திருந்தாள். முதல்நாள் தயார் செய்த மூன்று வாக்கியங்களைத் தேடினான்; ஒன்றைக்கூடக் காணோம். கடைசியில் வந்தது இதுதான்: “அவ லேட்டா விழுறா. நான் எப்பவும் சீக்கிரம் விழுவேன். அதனால எனக்குத் தெரியும்.”

மார்லீன் வீடியோவைப் போடச் சொன்னாள். லெவல் வந்தபிறகு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தைப் பார்ப்பாள். இன்று பார்ப்பதற்கு ஆட்டம் மட்டுமே இருந்தது. ஒருத்தி தோளைக் குலுக்குகிறாள், மாரிசெல் நிற்கிறாள். இன்னொருத்தி ஓங்குகிறாள், மாரிசெல் நிற்கிறாள். மார்லீன் முன்னால் சாய்ந்து, பல்லில்லாத இடைவெளி வழியே மெதுவாக விசிலடித்தாள். அதே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். பிறகு பெயரை எழுதினாள்.

எல்லோரும் எழுந்தபிறகு அவனை நிறுத்திவைத்தாள். அவன் குரலை எடுத்ததை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது தன் தப்பு என்றாள். ஆனால் அவன் சம்பளம் லெவல் கணக்கில் வருகிறது, வசந்தகாலத்துக்கு அப்புறம் அந்தக் கணக்கே இருக்காது; சிபாரிசு எழுதித் தருகிறேன், வேறெங்காவது தேடிக்கொள் என்றாள். அதுவரை ஆட்டத்துக்குத் தன்கூட வரச் சொன்னாள். டிரைபாடையும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள். போகிறபோக்கில், லெவலை நிரூபன் சாயங்காலம் கழற்றிவிடுவார், அதுவரை அந்த அறையில் பார்த்துப் பேசு என்றாள்.

பேச்சுக்காரன் ஆகிவிட்டோம் என்ற மிதப்பில் அவன் நடைபாதையில் நடந்தபோது போன் அதிர்ந்தது. அம்மா. எழுத்து அல்ல, குரல். வழக்கம்போல அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காதில் வைத்தான்.

அழுவாள், திட்டுவாள், உடனே கிளம்பி வா என்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் நிதானமாகப் பேசினாள். கேமரா ஸ்டாண்ட் தூக்குவதில் என்ன கேவலம் என்றாள். கார்ன்ஃபிளேக்ஸை விட்டுவிட்டு கஞ்சி வைத்துக் குடிக்கச் சொன்னாள். ஜாதகத்தை அது வந்த அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். கடைசியில், “நீ எங்களப் பத்தி ஒண்ணும் நெனைக்காதய்யா. நாங்க நல்லா இருக்கோம்,” என்றாள். ஒரு சின்ன மூச்சு. “சாப்ட்டோம்.” ஒரு மெல்லிய இறக்கம். “இங்க ஒண்ணும் பிரச்சனை இல்ல.”

அவன் அதைத் திரும்பவும் கேட்டான். இன்னொருமுறை கேட்டான். நேற்று நிரூபனின் ஹெட்போனில் கேட்டிருக்காவிட்டால் இது காதில் பட்டே இருக்காது. அம்மாவின் பதில்கள் எழுத்தாக வந்த நாட்களில் இது எத்தனைமுறை வந்திருக்கும் என்று நினைத்தான்.

கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்னய்யா, ஆபீஸ் நேரத்துல?”

“அம்மா, அங்க என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. அதான் சொன்னேன்ல.”

“நீ சொன்னதக் கேட்டேம்மா. அதான் கேக்கேன்.”

மறுமுனையில் தட்டைத் தரையில் வைக்கிற ஒலி மட்டும் வந்தது. எழுந்து நடந்து வேறு எங்கோ போகிறாள் என்று தெரிந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

“நீ இப்ப அந்த ரூம்லயா இருக்க? அந்த மெஷினு இருக்கற ரூம்ல?”

“ஆமாம்மா.”

“அத விட்டு வெளிய வாய்யா,” என்றாள் அம்மா. குரல் இப்போது வேறாக இருந்தது. “சொல்றேன்.”